மஞ்சள் பூசிய ஆறு பெட்டி

ஜூலை 5, வெள்ளி. வேளச்சேரி, மகள் வீடு

முப்பத்து நான்கு வருஷம் பாளையங்கோட்டைத் துணை மின்நிலையத்தில் ஷிப்ட் புத்தகம் எழுதியவன் நான். மணிக்கு ஒருதரம் மீட்டரைப் பார்த்து எழுத வேண்டும். ஒரு மணிகூட விட்டதில்லை. ஆகவே இந்தக் கப்பல் பயணத்துக்கும் தனியாக ஒரு நோட்டுப் போட்டாயிற்று.

விவரம் இதுதான். என் மனைவி வடிவம்மாளுக்கு இரண்டு வருஷமாகச் சிறுநீரகம் வேலை செய்வதில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகாமல் வீட்டிலேயே வயிற்றுக்குள் குழாய் வழியாக மருந்துத் தண்ணீர் விட்டு எடுக்கும் டயாலிசிஸ். ஒரு பைக்கு இரண்டு லிட்டர். காலை ஆறு, மதியம் பன்னிரண்டு, மாலை ஐந்து, இரவு பத்து. பழைய தண்ணீரை வடித்து, எடை போட்டு, கலங்கலா தெளிவா என்று பார்த்து, புதியதை உள்ளே விட வேண்டும். கலங்கலாக இருந்தால் கிருமி என்று அர்த்தம். கிருமி வந்தால் உயிருக்கே ஆபத்து. அதனால் கை கழுவுவது, முகமூடி, ஜன்னல் அடைப்பது, மின்விசிறி நிறுத்துவது எல்லாம் வரிசை பிசகாமல் நடக்க வேண்டும். நடக்கிறது. ஏனென்றால் செய்வது நான்.

மதுரையில் மூன்று நாள் பயிற்சி கொடுத்தார்கள். இருவரும் முடித்தோம். வீட்டு நோட்டில் 'செய்தவர்', 'மேற்பார்த்தவர்' என்று இரண்டு கட்டம் போட்டிருக்கிறேன். இரண்டிலும் என் கையெழுத்துதான்.

நாற்பதாவது கல்யாண நாளுக்கு மகள் செண்பகம் கப்பல் டிக்கெட் எடுத்துவிட்டாள். சென்னையிலிருந்து இலங்கை போய்த் திரும்ப ஐந்து இரவு. நான் வேண்டாம் என்றேன். டாக்டரம்மா தாராளமாகப் போகலாம் என்று கடிதமே கொடுத்துவிட்டார்.

வடிவு கேட்டது ஒன்றே ஒன்று. "கப்பல் கரைய விட்டு வெலகுததையும், திரும்பி வரும்போது கரை தெரியுததையும் மேல நின்னு பாக்கணும் அத்தான். வேற ஒண்ணும் வேண்டாம்."

கப்பல் கிளம்புவது மாலை ஐந்து. திரும்புவது காலை ஆறு. இரண்டுமே பை நேரம்.

"ஒருமணி நேரம் முன்னப்பின்ன ஆனா ஒண்ணும் ஆகாதுன்னு டாக்டரம்மா சொன்னாங்கல்லா?"

டாக்டரம்மா துணை மின்நிலையத்தில் வேலை பார்த்தவர் இல்லை. அட்டவணை என்றால் அட்டவணைதான் என்று சொல்லிவிட்டேன்.

ஜூலை 7, ஞாயிறு

முப்பது பை, ஆறு பெட்டி. கணக்குப்படி இருபது போதும். பத்து உபரி.

பெட்டி முதல்முறையாகக் கடல் தாண்டுகிறது. வெறுமனே அனுப்ப மனசு வரவில்லை. ஒவ்வொன்றுக்கும் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, முகப்பில் சந்தனம் குழைத்து வைத்துக் குங்குமப் பொட்டு இட்டேன். ஆயுதபூஜைக்கு டிரான்ஸ்பார்மருக்கே வைத்தவன், இதற்கு வைக்கமாட்டேனா? கூட்டத்தில் நம் பெட்டி எது என்று சட்டென்று தெரியவும் செய்யும்.

"அப்பா, அறை நம்பர் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கேன். அதுவே போதும்" என்றாள் செண்பகம். ஸ்டிக்கர் எல்லாப் பெட்டியிலும்தான் இருக்கும். குங்குமம் இருக்குமா?

கைப்பையில் எப்போதும் இரண்டு பை இருக்க வேண்டும் என்பது டாக்டரம்மா உத்தரவு. ஒன்று வைத்திருக்கிறேன். இன்னொன்றின் இடத்தில் ஒரு சுத்தியலும் நான்கு அங்குல ஆணி ஆறும் வைக்க வேண்டியிருந்தது. கப்பல் அறையில் பையை எதில் தொங்கவிடுவது? யோசிப்பவன்தான் யோசிக்க வேண்டும்.

ஜூலை 8, திங்கள். கப்பல், அறை 7124

சுத்தியலையும் ஆணிகளையும் பிடுங்கிக்கொண்டார்கள். கப்பல் சுவரில் ஆணி அடிக்கத்தான் என்று நான் உண்மையைச் சொன்னேன். சோதனை செய்த அதிகாரி முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார், இறங்கும்போது திருப்பித் தருவார்களாம். கப்பல் சுவர் முழுக்க இரும்பு என்பது உள்ளே வந்த பிறகுதான் தெரிந்தது.

சட்டை மாட்டும் கம்பியில் பையைத் தொங்கவிட்டு ஐந்து மணிப் பையைச் சரியாக ஐந்துக்குப் போட்டேன். தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கும்போது சங்கு ஊதியது. வடிவு கழுத்தை ஒட்டகம் மாதிரி நீட்டி வட்ட ஜன்னலைப் பார்த்தாள். தெரிந்தது பக்கத்தில் நின்ற இழுவைப் படகின் டயர்கள் மட்டுந்தான். நான் எடையை எழுதிக்கொண்டிருந்தேன்.

மணி ஆறேகால். அறைக்குத் துணிப்பெட்டி வந்துவிட்டது. மருந்துப் பெட்டி ஆறும் வரவில்லை.

ஏழு மணிக்கும் வரவில்லை. வரவேற்பறைப் பெண் கம்ப்யூட்டரைத் தட்டிவிட்டு, 7124 என்ற எண்ணில் அப்படிப் பெட்டியே ஏறவில்லை என்றாள். பத்து மணிக்குப் பை வேண்டும். கைவசம் ஒன்றுகூட இல்லை. கப்பலோ நடுக்கடல் நோக்கிப் போகிறது. சுத்தியல் இருந்த இடத்தில் ஒரு பை இருந்திருக்கலாம் என்ற யோசனை வந்தது. அதை வடிவிடம் சொல்லவில்லை.

சரக்கு அறை, சலவை அறை, சமையல்கட்டு என்று மூச்சிரைக்க ஒரு மணிநேரம் அலைந்தேன். திரும்பி வந்தால் வடிவு கட்டிலில் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருக்கிறாள்.

"அத்தான், நம்மள மாதிரி மஞ்சளும் குங்குமமும் வச்சு வேற யாரும் பெட்டி கொண்டாந்திருக்காங்களான்னு கேட்டீங்களா?"

கேட்கவில்லை. கேட்டோம். காரைக்குடியிலிருந்து எண்பது பேர் ஒரு அறுபதாம் கல்யாணத்துக்குக் கப்பல் ஏறியிருக்கிறார்களாம். அவர்கள் சீர்ப்பெட்டி எல்லாவற்றிலும் மஞ்சள் குங்குமம். நான் சந்தனம் வைத்தது சரியாக அறை எண் ஸ்டிக்கரின் மேல். எண் தெரியவில்லை, பொட்டு தெரிந்தது. கப்பல் ஆட்கள் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொண்டுபோய் இறக்கிவிட்டார்கள்.

ஒன்பதாவது தளத்து விழா மண்டபத்துக்கு ஓடினோம். நம் ஆறு பெட்டியும் மேடையில் அடுக்கி, மேலே பட்டுத்துணி போர்த்தி, அதன்மேல் பழத்தட்டு, வெற்றிலைத் தட்டு, தேங்காய் எல்லாம் ஜோராக வைத்திருந்தது. கல்யாணப் பெண்ணான விசாலாட்சி ஆச்சி ஒரு பெட்டியைத் திறந்து பையைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருந்தார்.

"சிங்கப்பூர்ச் சின்னையா வீட்டுலேருந்து தண்ணி அனுப்பியிருக்காகன்னு நெனச்சோம். எதுக்குத் தண்ணின்னுதான் வெளங்கலை" என்றார்.

மாப்பிள்ளை அடைக்கப்பன் அண்ணாச்சி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லவேளை அண்ணே, கலசத்துல ஊத்தலாமான்னு இப்பத்தான் கேட்டுக்கிட்டிருந்தாக" என்றார்.

பெட்டியைக் கண்டுபிடித்தது நான்தான். வடிவு வழி மட்டும் காட்டினாள். பத்து மணிப் பை, பத்துக்கே.

ஜூலை 9, செவ்வாய்

கடலில் எடை போட முடியாது என்று யாருமே சொல்லவில்லை. தராசில் பையைத் தொங்கவிட்டால் முள் 2.1-க்கும் 2.5-க்கும் நடுவே ஊஞ்சல் ஆடுகிறது. கால்மணி நேரம் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன்.

"நடுவுல ஒரு நம்பர எழுதிக்கிடுங்க" என்கிறாள்.

முப்பத்து நான்கு வருஷத்தில் நடுவில் ஒரு நம்பர் எழுதியவன் இல்லை நான். பன்னிரண்டு தடவை பார்த்துச் சராசரி எடுத்தேன். 2.3. வடிவு முதலிலேயே அதைத்தான் சொன்னாள். அது தற்செயல்.

கப்பல் மருத்துவமனையில் போய்ப் பதிவு செய்தோம். நர்ஸ் பெயர் ஷைனி, கோட்டயத்துப் பெண், வேலூரில் படித்ததால் தமிழ் நன்றாகப் பேசுகிறது. "யார் சார் பை மாத்தறது?" என்று கேட்டது. "நான்" என்றேன். "அம்மாவுக்குத் தெரியாதா?" "அவளுக்கு எதுக்கு?" வடிவு சுவரில் இருந்த கண்பார்வை அட்டையை ரொம்ப அக்கறையாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் வடிவும் ஆச்சியும் மேல்தளத்தில் பேசிக்கொண்டே இருந்தார்கள். நாலேமுக்காலுக்குக் கூப்பிடப் போனேன். "இப்பத்தானே உக்காந்தேன்" என்றாள். கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜூலை 10, புதன்

அறுபதாம் கல்யாணம். கப்பலில் நெருப்பு மூட்டக்கூடாது என்பதால் ஹோமம் கிடையாது. ஹோமகுண்டத்தில் சிவப்பு பல்பு வைத்துத் துணியை ஆடவிட்டிருந்தார்கள். வயரிங் சுமார். இரண்டு இடத்தில் நானே சரிசெய்து கொடுத்தேன். அந்த நன்றியில் என்னை முதல் பந்தியில் உட்கார வைத்துவிட்டார்கள்.

பால் பணியாரம் ஆறு சாப்பிட்டேன். அளவோடுதான்.

பன்னிரண்டு மணிப் பைக்கு எழுந்தபோது ஆச்சி வடிவின் கையில் ஒரு பட்டுப் புடவையைக் கொடுத்து, "அறுபதாங் கல்யாணத்துல வந்து நிக்கிற சுமங்கலிக்குக் குடுக்கணும்னு வச்சிருந்தேன். நீங்க வந்து நின்னீங்களே" என்றார். வடிவு உடனே கட்டிக்கொண்டாள். அரக்கு நிறம். இரண்டு வருஷமாக நைட்டியிலேயே பார்த்துப் பழகிவிட்டேன். இவளுக்குப் பட்டு இத்தனை நன்றாக இருக்கும் என்பது மறந்தே போயிருந்தது.

ஜூலை 11, வியாழன்

காலை 7.20. துரோகம்.

விடிகாலையிலிருந்து எனக்கு வாந்தி மூன்று, வயிற்றுப்போக்கு நான்கு. கப்பல் ஆட்டம்தான், வேறொன்றுமில்லை. வடிவிடம் யாரிடமும் சொல்லாதே என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு, போனை எடுத்து நர்ஸிடம் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டாள்.

ஷைனி வந்து, "நேத்து என்ன சாப்பிட்டீங்க?" என்றது.

"ஆறு பணியாரம்."

"பதினாலு" என்றாள் வடிவு, கதவுக்கு வெளியே நின்றுகொண்டு. எண்ணியிருக்கிறாள்.

கப்பல் சட்டப்படி எல்லாம் நின்று இருபத்து நான்கு மணிநேரம் ஆகும்வரை நான் அறையைவிட்டு வெளியே வரக்கூடாது. வடிவு என் பக்கத்திலேயே இருக்கக்கூடாது. கிருமி ஒட்டினால் அவளுக்கு ஆபத்து. பக்கத்து அறை 7126 காலியாக இருந்தது. அவளையும் பெட்டிகளையும் அங்கே மாற்றிவிட்டார்கள்.

"ஆறு மணிப் பை?" என்று கத்தினேன்.

"போட்டாச்சு அத்தான். கஞ்சியக் குடிங்க."

யார் போட்டது? பதில் வருவதற்குள் கதவைச் சாத்திவிட்டார்கள்.

11.55. போன் செய்தேன். வடிவு எடுத்தாள். ஜன்னல் அடைத்தாயா, மின்விசிறி நிறுத்தினாயா, கை கழுவினாயா, முகமூடி போட்டாயா என்று வரிசையாகக் கேட்டேன்.

"போட்டாச்சு. கை கழுவியாச்சுன்னா போனத் தொடப்படாது, முகமூடி போட்டாப் பேசப்படாதுன்னு நீங்கதானே சொல்லுவீங்க? இப்ப உங்களால திரும்பக் கழுவணும். வையுங்க."

வைத்துவிட்டாள்.

12.40. சுவரில் காதை வைத்துக் கேட்டேன். இரும்புச் சுவர். கப்பல் இன்ஜின்தான் கேட்டது.

1.30. திருகோணமலை ஜன்னலில் தெரிகிறது. மலை, மலைமேல் கோயில். ஆச்சி கூட்டத்தோடு வடிவும் கரைக்குப் போகிறாளாம். ஐந்து மணிக்குள் வந்துவிடுவாளாம். என்னிடம் கேட்கவில்லை. தகவல் சொன்னாள். கீழே படகில் அரக்குப் பட்டு தெரிந்தது. என் ஜன்னலைப் பார்த்துக் கையை ஆட்டினாள். எந்த ஜன்னல் என்று எப்படித் தெரிந்ததோ.

3.00. வேலை ஒன்றும் இல்லை. உண்மையை எழுதிவிடுகிறேன், இந்த நோட்டை யார் படிக்கப் போகிறார்கள்? மதுரைப் பயிற்சியில் கடைசி நாள் பரீட்சை வைத்தார்கள். வடிவு முதல் தடவையிலேயே தேறிவிட்டாள். நான் முதல் தடவை கை கழுவிய பிறகு மீசையைத் தடவினேன். இரண்டாம் தடவை மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டேன். மூன்றாம் தடவை தேறினேன். பரீட்சை வைத்த நர்ஸ் வேண்டுமென்றே வேறு பக்கம் திரும்பிக்கொண்டது என்று வடிவு சொல்லுவாள். வீட்டுக்கு வந்ததும், "எனக்குக் கை நடுங்குது, நீங்களே போட்டுடுங்க" என்றாள். அப்படித்தான் ஆரம்பித்தது.

5.15. போன் செய்தேன். எடுக்கவில்லை. எடுக்கக்கூடாது. சரிதான்.

5.50. அவளே செய்தாள். "ரெண்டு புள்ளி ரெண்டு. தண்ணி தெளிஞ்ச ஓட மாதிரி இருக்கு. கோயில்ல உங்க பேருக்கு அர்ச்சன பண்ணுனேன். வயிறு எப்படியிருக்கு?"

நன்றாக இருக்கிறது என்று சொன்னேன்.

ஜூலை 12, வெள்ளி

நேற்று நன்றாகத் தூங்கினேன். ஒரு மணிக்கும் இரண்டு மணிக்கும் மூன்றரைக்கும் எழுந்து பார்த்தபோதும் நன்றாகத்தான் தூங்கிக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டரைக்கு ஷைனி வந்து விடுதலை கொடுத்தது. 7126-க்கு ஓடினேன். வடிவு அப்போதுதான் முகமூடியைக் கழற்றிக்கொண்டிருந்தாள். பை வடிந்து மடித்து வைத்திருந்தது. மேஜையில் அறுபதாம் கல்யாணப் பத்திரிகை கிடந்தது. அதன் பின்பக்கத்தில் நான் போடுகிற அதே கட்டங்கள். ஆறு வேளையும் நேரம், எடை, தெளிவு. 'செய்தவர்' கட்டத்தில் ஆறு தடவை வடிவம்மாள், வடிவம்மாள் என்று குண்டுகுண்டாக எழுதியிருந்தாள். 'மேற்பார்த்தவர்' கட்டம் ஆறும் காலி.

"இத ஏன் விட்டுட்ட?"

"நீங்க இல்லையே."

நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

"உனக்கு எப்பருந்துட்டி தனியாச் செய்யத் தெரியும்?"

"மொத நாள்லருந்து."

"கை நடுங்குதுன்னயே?"

"நடுங்கல."

"பின்ன எதுக்கு ரெண்டு வருஷமா என்னைச் செய்ய விட்ட?"

அவள் பத்திரிகையை மடித்து வைத்துக்கொண்டே சொன்னாள்: "ரிட்டயராயி ஏழு மாசம் வாசல் மீட்டர் பெட்டியவே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தீங்க அத்தான். கூப்பிட்டாச் சாப்பிட வரமாட்டீங்க. மொகத்துல காடு மாதிரி தாடி. எனக்குக் கிட்னி போச்சுன்னு சொன்னாங்கல்லா, அதுக்கு மறுநாத்தான் எந்திரிச்சு சவரம் பண்ணுனீங்க. சரி, இதாவது இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

உப்புக் காற்றில் கண் எரிந்தது என்று எழுத நினைத்தேன். அந்த அறை ஜன்னலைத் திறக்கவே முடியாது. அழுதேன். இரண்டு வருஷமாகப் பகலும் இரவும் இவள் என்னை விட்டுப் போய்விடுவாளோ என்று பயந்திருக்கிறேன். பையைக் கையில் பிடித்திருக்கிற அந்த அரைமணி நேரம் மட்டும் பயம் இருக்காது. அவளுக்காகத்தான் ஓடுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்காகவும்தான் ஓடியிருக்கிறேன்.

"அழுதா மீசை நனையும். அப்புறம் தொடச் சொல்லும்" என்றாள். சிரித்துவிட்டேன்.

பிறகு அவளே ஷிப்ட் பிரித்தாள். காலையும் மாலையும் அவளுக்கு. மதியமும் இரவும் எனக்கு. நான்கையும் விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை என்பது அவளுக்குத் தெரியும். அவள் மொத்தமாக எடுத்துக்கொள்ளவும் இல்லை.

"நாளைக்கு ஆறு மணி?" என்று கேட்டேன்.

"என் ஷிப்ட்ல தலையிடாதீங்க."

இரவு பத்து மணிப் பை நான் போட்டேன். கண்ணாடியைத் தொடவில்லை.

ஜூலை 13, சனி. வேளச்சேரி

ஐந்தரைக்கு வடிவு உலுக்கி எழுப்பினாள். அரக்குப் பட்டு, தலையில் ஆச்சி கொடுத்த மல்லிகை.

"எந்திரிங்க, கரை தெரியப்போவுது."

"பை?"

"அது எப்பமோ ஆச்சு. வாங்க."

மேல்தளத்தில் காற்று ஆளைத் தள்ளியது. முதலில் ஒரு மங்கல் கோடு. பிறகு கலங்கரை விளக்கம், துறைமுகத்துப் பளுதூக்கிகள், பின்னால் கட்டடங்கள். வடிவு கம்பியைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளைமாதிரி குதிகாலைத் தூக்கி நின்றாள். ஆறு மணி அடித்தபோது கடிகாரத்தைப் பார்த்தேன். ஒருதரம்தான். அவளும் நான் பார்ப்பதைப் பார்த்தாள்.

"அஞ்சாறு நாள்ல கரையே இம்புட்டு அழகாயிருச்சு" என்றாள். என் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். அவள் கை நடுங்கவே இல்லை.

இறங்கும்போது சீட்டைக் காட்டினேன். சுத்தியலையும் ஆறு ஆணியையும் எண்ணிக் கொடுத்தார்கள். அடைக்கப்பன் அண்ணாச்சி ஒரு தூக்கில் பால் பணியாரம் கொடுத்தனுப்பினார். வடிவு அதை அவள் பக்கம் வைத்துக்கொண்டாள்.

செண்பகம் வீட்டுக்கு வந்து, இன்றைய பைக் கணக்கை எழுத டயாலிசிஸ் நோட்டைத் திறந்தேன். முதல் வரி ஏற்கெனவே எழுதியிருந்தது, குண்டுகுண்டான எழுத்தில்:

காலை 4.50. வெளியே 2.2. உள்ளே 2. தெளிவு. செய்தவர்: வடிவம்மாள். மேற்பார்த்தவர்: பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தார்.

ஷிப்ட் புத்தகத்தில் தப்பு இருந்தால் சிவப்பு மையில் திருத்த வேண்டும் என்பது விதி. இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். தப்பு ஒன்றும் இல்லை. கீழே கையெழுத்துப் போட்டேன்.